சாரா ஆரன்சோன்: ஊரைக் கேட்காத உளவாளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதல் உலகப் போரின்போது, ஒட்டோமான் (துருக்கிய) ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்தில் பிரிட்டனுக்காக உளவு பார்த்த யூதப் பெண் சாரா ஆரன்சோனை வீராங்கனை என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அவருடைய ‘நிலி’ உளவுக் குழுவை அங்கிருந்த யூதர்களிலேயே பலர் எதிர்த்திருக்கிறார்கள். அவரால் ஊரே அடிபட்டது. யாரையும் கேட்காமல் எல்லோர் உயிரையும் பணயம் வைப்பது வீரமா?

வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

கேட்க வேண்டிய கேள்விதான். ஊர்க்காரர்கள் பயந்ததிலும் தப்பில்லை. ஆர்மீனியர்களை ஒட்டோமான் அரசு கூட்டம் கூட்டமாகக் கொன்றது அவர்களுக்குத் தெரியும். ஒரு உளவாளி சிக்கினால் தங்களுக்கும் அதே கதி என்று நினைத்தார்கள்.

சாரா இதில் இறங்கியதற்கும் ஆர்மீனியர்கள்தான் காரணம். 1915 கடைசியில், கணவரைப் பிரிந்து கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) ஊர் திரும்பும் வழியில் அந்தப் படுகொலையை நேரில் பார்த்தார். சும்மா இருந்தால் பிழைத்துவிடலாம் என்ற நம்பிக்கை அதற்கப்புறம் அவருக்கு இல்லை.

அண்ணன் ஆரோன் தாவரவியல் அறிஞர். அத்லித் கடற்கரையில் வேளாண் ஆய்வுப் பண்ணை வைத்திருந்தார். 1915இல் வெட்டுக்கிளிகள் படையெடுத்தபோது அவற்றை ஒழிக்கும் பொறுப்பை ஒட்டோமான் தளபதி ஜெமால் பாஷா அவரிடமே கொடுத்தார். அந்தச் சாக்கில் ஆரோனின் ஆட்கள் எங்கும் போக முடிந்தது; ராணுவ முகாம்களைப் பற்றிக் குறிப்பெடுத்தார்கள். ஆரோன் கெய்ரோவுக்குப் போன பிறகு, பாலஸ்தீனத்தில் குழுவை நடத்தியது சாரா. இரவில் அத்லித் கடலோரம் வரும் பிரிட்டிஷ் கப்பலில் தகவல் போகும். அதே கப்பலில், பசியில் வாடிய யூதக் குடியிருப்புகளுக்குத் தங்க நாணயங்கள் வரும். குழுவைத் திட்டியவர்களும் அந்தப் பணத்தை வாங்கினார்கள்.

1917 ஏப்ரலில் சாரா எகிப்துக்குப் போனார். அங்கேயே தங்கிவிடச் சொன்னார்கள். தங்கியிருந்தால் உயிர் பிழைத்திருப்பார். ஜூனில் திரும்பி வந்தார். அவரை நான் வீராங்கனை என்று சொல்வது முதலில் இதற்காகத்தான்.

செப்டம்பரில் அவர்கள் அனுப்பிய தூதுப்புறா ஒன்று வழிதவறி, செசாரியாவில் துருக்கிய அதிகாரியின் புறாக்களோடு போய் இறங்கியது. காலில் சங்கேதக் கடிதம். அக்டோபர் 1ஆம் தேதி துருக்கியப் படை சாராவின் ஊரான சிக்ரோன் யாக்கோவைச் சூழ்ந்தது. சாராவின் வயதான அப்பாவை அடித்தார்கள். சாராவை நாள்கணக்கில் சித்திரவதை செய்தும் ஒரு பெயர்கூட வாங்க முடியவில்லை. நாசரேத்துக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்றதும், ரத்தக்கறை படிந்த துணியை மாற்றிக்கொள்ள வீட்டுக்கு விடச் சொல்லிக் கேட்டார். குளியலறையில் கைத்துப்பாக்கியை ஒளித்து வைத்திருந்தார். சுட்டுக்கொண்டவர் உடனே சாகவில்லை. நான்கு நாள் கிடந்து, 9ஆம் தேதி இறந்தார். வயது 27.

ஊர் பட்ட அடியை நான் மறைக்கவில்லை. அடிபட்டவர்கள் அவரைச் சபித்திருந்தால் அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊரைக் கூட்டிச் சம்மதம் வாங்கி உளவு பார்க்க முடியாது. ஊருக்கு வரக்கூடிய ஆபத்து என்னவென்று தெரிந்தேதான் அவர் எகிப்திலிருந்து திரும்பி, அந்த ஊரிலேயே வந்து இருந்தார். அதனால்தான் வீராங்கனை என்ற சொல்லை நான் மாற்றிக்கொள்ளவில்லை.