கிழிந்த மல்ச்சிங் ஷீட்டை ரோட்டவேட்டர் விட்டு மண்ணோடு கலக்கலாமா?

கேள்வி: ஒன்றரை ஏக்கர் மிளகாய். பாத்தியை மூடும் பிளாஸ்டிக் தாளான மல்ச்சிங் ஷீட்டில் (25 மைக்ரான் தடிமன்) இரண்டு வெள்ளாமை எடுத்துவிட்டேன். இப்போது ஷீட்டைத் தொட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரோட்டவேட்டரை விட்டு மண்ணோடு கலந்துவிடலாம் என்கிறார் டிராக்டர்காரர். அடித்த மருந்தெல்லாம் துண்டுகளில் ஒட்டிக்கொண்டு அடுத்த வெள்ளாமைக்கும் வரும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் பயமுறுத்துகிறார். கோழிகளும் அங்கேதான் மேய்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: ரோட்டவேட்டர் மட்டும் விடாதீர்கள். இன்று கையால் பொறுக்கக்கூடிய துண்டை அது பொடிப்பொடியாக்கிவிடும், அப்புறம் யாராலும் பொறுக்க முடியாது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதில் பாதி உண்மை. குழம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சள் கறையும் போவதில்லை இல்லையா, அதேதான் இங்கேயும். தண்ணீரில் கரையாத, எண்ணெய்ப் பசையோடு சேரும் மருந்து பாலித்தீனில் ஏறிக்கொள்ளும். குளோர்பைரிபாஸ் லிட்டர் தண்ணீரில் 1 அல்லது 2 மில்லிகிராம்தான் கரையும், அதனால் அது ஷீட்டை நாடும். இமிடாகுளோபிரிட் 600 மில்லிகிராம் வரை கரைவதால் பெரும்பாலும் ஈரத்தோடேயே போய்விடும். ஆக, "அடித்த மருந்தெல்லாம்" ஒட்டாது, எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. ஒட்டியதை மண்ணின் நுண்ணுயிர்கள் எளிதில் தின்றுவிட முடியாது என்பதால் அது அழிய நாளாகலாம்.

இன்னொன்று, ஷீட்டின் வயசு. புது ஷீட்டில் தாமிரம், காட்மியம் போன்ற உலோகங்கள் அவ்வளவாக ஒட்டுவதில்லை. வெயில் பட்டு மேற்பரப்பு வெளிறி வெடித்து, அதில் நுண்ணுயிர்ப் படலமும் படிந்த பிறகு அவற்றையும் பிடித்து வைக்கும். தாமிரப் பூசணக்கொல்லி அடித்திருப்பீர்கள், பாஸ்பேட் உரத்திலும் கொஞ்சம் காட்மியம் இருக்கும். உங்கள் நொறுங்கிய ஷீட் இப்போது இந்த நிலையில்தான் இருக்கிறது.

ஜப்பான் கடலோரத்தில் மிதந்த பிளாஸ்டிக் மணிகளில் பிசிபி (தொழிற்சாலை ரசாயனம்) போன்ற நச்சுகள் சுற்றியுள்ள கடல்நீரைவிட 1 லட்சம் முதல் 10 லட்சம் மடங்கு செறிவாக இருந்ததாக 2001-ல் ஓர் ஆய்வு வந்தது. இந்தக் கணக்கைத் தோட்டத்துக்கு அப்படியே பொருத்திப் பயப்பட வேண்டாம். கடல்நீரில் பிளாஸ்டிக்குக்குப் போட்டி குறைவு. மண்ணில் மட்கு இருக்கிறது, அதுவும் மருந்தைப் பிடித்து வைக்கும், நுண்ணுயிர்களுக்கும் தீனி போடும். அதனால்தான் தொழுவுரத்தைக் குறைக்காதீர்கள் என்கிறேன். மிளகாயில் மருந்து எச்சம் வந்தால் நான் முதலில் கேட்பது ஷீட்டைப் பற்றி அல்ல, கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் எத்தனை நாள் விட்டீர்கள் என்பதைத்தான்.

கோழி விஷயத்தில் எனக்கும் கவலை உண்டு. மெக்சிகோவின் கம்பெச்சே பகுதியில், பிளாஸ்டிக்கை எரித்துப் புதைக்கும் வீட்டுத் தோட்டங்களில் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். மண்ணில் கிராமுக்கு ஒரு பிளாஸ்டிக் துணுக்குகூட இல்லை, மண்புழு எச்சத்தில் 15, கோழி எச்சத்திலோ கிட்டத்தட்ட 130. கோழி மண்புழுவைக் கொத்தும், மினுக்கும் துண்டையும் கொத்தும், ஒட்டியிருக்கும் மருந்தில் கொஞ்சம் குடலுக்குள் கழன்று வரலாம். பொறுக்கி முடிக்கும்வரை கோழியை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது: சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி எடுங்கள், செடியைத் தூரோடு வெட்டுங்கள், பிடுங்கினால் ஷீட் இன்னும் கிழியும். லேசாக ஈரம் இருக்கும்போது பாத்தியின் இரு ஓரத்து மண்ணையும் தள்ளிவிட்டு ஷீட்டை மெதுவாக உருவுங்கள். மீதியைப் பொறுக்க ஆள் கூலி ஆகும்தான், தவிர்க்க வழியில்லை. ஒரு மழை பெய்ததும் இன்னும் கொஞ்சம் மேலே தெரியும், மறுபடி ஒரு நடை பொறுக்குங்கள். வரப்பில் போட்டு எரிக்காதீர்கள், மெக்சிகோக் கதை அங்கிருந்துதான் ஆரம்பித்தது. மண் உதறி மூட்டை கட்டுங்கள், பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் வாங்குவாரா என்று கேளுங்கள்.

அடுத்த முறை இரண்டு வெள்ளாமை எடுப்பதானால் 30 மைக்ரானுக்குக் குறையாமல் வாங்குங்கள், ஷீட் வெளிற ஆரம்பித்ததுமே எடுத்துவிடுங்கள். தானாக மறைந்துவிடும் என்று ஆக்ஸோ வகை (சீக்கிரம் சிதைய ரசாயனம் கலந்த) ஷீட்டைக் கடைக்காரர் நீட்டினால் வேண்டாம், அது மறையாது, சீக்கிரம் பொடியாகும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2021-லேயே அந்த வகைப் பொருட்களின் விற்பனையைத் தடை செய்துவிட்டது. பக்கத்தில் கரும்புத் தோகை கிடைத்தால் அரை ஏக்கருக்காவது போர்த்திப் பாருங்கள், களை கொஞ்சம் கூடுதலாக வரும், ஆனால் பொறுக்குகிற வேலை இல்லை.