என்-95 போட்டும் மூக்கில் தூசி வருவது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது: கிரானைட் பட்டறையில் கல் அறுக்கும் வேலை. நாள் முழுக்க என்-95 மாஸ்க் போட்டிருந்தும் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் சாம்பல் நிறத்தில் வருகிறது. வாங்கிய மாஸ்க் போலியா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். நாளைக்கு வேலை முடிந்ததும் முகம் கழுவாமல், மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நில்லுங்கள். மாஸ்க் மூடியிருந்த இடம் முழுக்கச் சுத்தமாக இருக்க வேண்டும். மூக்கின் பக்கவாட்டிலோ தாடைக்கு அடியிலோ தூசி கோடு போட்டதுபோல் உள்ளே இறங்கியிருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. மாஸ்க்கின் உள் ஓரத்திலும் அதே இடத்தில் கறை தெரியும்.

நான் வளைகுடாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் ஒன்பது வருடம் சேஃப்டி ஆபீசராக இருந்தேன். துருவை உரிப்பதற்காக இரும்பின் மேல் மணல்போன்ற துகளைப் பீய்ச்சி அடிக்கும் இடம் அது. தூசிக்குப் பஞ்சமே இல்லை. இந்தக் கோட்டை எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் மாஸ்க் நல்ல மாஸ்க்காகத்தான் இருக்கும்.

என்-95இல் இருக்கும் அந்த 95 எங்கே அளந்தது என்று யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சான்று கொடுப்பதற்காக மாஸ்க்கின் ஓரத்தை ஒரு தட்டின் மேல் இடைவெளியே இல்லாமல் ஒட்டிவிட்டு, நுண்ணிய உப்புத் துகள் கலந்த காற்றை நிமிடத்துக்கு 85 லிட்டர் வீதம் அதன் வழியே செலுத்துவார்கள். நூற்றுக்கு 95 துகளாவது உள்ளே போகாமல் நிற்க வேண்டும். அந்த அளவீட்டில் மனித முகமே கிடையாது. என்-95க்கு இணையான ஐரோப்பாவின் எஃப்எஃப்பி2 மாஸ்க் தரத்தில் பத்துப் பேருக்கு மாட்டிப் பார்க்கிறார்கள். அதில் எட்டுப் பேருக்காவது சராசரி உட்கசிவு 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நல்ல முறைதான். ஆனால் அந்தப் பத்து முகங்களில் உங்கள் முகம் இல்லையே.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நீங்கள் இழுக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்கு ஓரத்து இடைவெளி வழியாக வருகிறது என்று வையுங்கள். மீதி ஒன்பது பங்கில் 95 சதவீதத் தூசி நின்றாலும் மொத்தப் பாதுகாப்பு 85 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பத்தில் மூன்று பங்கு ஓரத்தில் வந்தால் 66தான். சரி, அதிக விலை கொடுத்து 99 சதவீதம் பிடிக்கும் மாஸ்க் வாங்கிவிட்டீர்கள், இடைவெளி அப்படியே இருக்கிறது, அப்போதும் 69தான். வரப்பை எவ்வளவு அகலமாகப் போட்டாலும் ஒரு நண்டு வளை இருந்தால் விடிவதற்குள் வயல் வடிந்துவிடும் இல்லையா, அந்த மாதிரி.

காற்று ஏன் அங்கே போகிறது என்றால், வடிகட்டி அதைத் தடுக்கிறது, இடைவெளி தடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் பெரிய தூசி பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். நீங்கள் சிந்துவது அதைத்தான். கிரானைட் தூசியில் இருக்கும் சிலிக்கா என்ற கனிமத்தில், நுரையீரலின் அடி வரைக்கும் போகும் துகள் 10 மைக்ரானுக்கும் கீழே. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அவ்வளவு சிறியது காற்றோடு காற்றாக எந்த வளைவிலும் திரும்பிப் போய்விடும். மூக்கில் சாம்பல் வருகிறது என்றால் கண்ணுக்குத் தெரியாததும் கூடவே போகிறது. அந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

எங்கள் தளத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஃபிட் டெஸ்ட், அதாவது மாஸ்க் முகத்தில் பொருந்துகிறதா என்ற சோதனை உண்டு. மாஸ்க் மாட்டிய ஆளின் தலைமேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்த்து, உள்ளே பிட்ரெக்ஸ் என்ற பயங்கரக் கசப்பான திரவத்தைப் பனி மாதிரி தெளிப்போம். முதலில் சாதாரணமாக மூச்சு விட வேண்டும், பிறகு ஆழமாக, அப்புறம் தலையை இடது வலது, மேல் கீழ், பேச்சு, குனிந்து நிமிர்வது என்று ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். நாக்கில் கசப்புத் தட்டினால் தோல்வி. பேச்சுக்கு நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வோம். நம் ஆட்களைத் தமிழிலேயே எண்ணச் சொல்வேன். தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றெட்டு என்று சொல்லும்போது தாடை நன்றாக இறங்கி ஏறும். அதுவரை கசக்காத மாஸ்க் அங்கே கசந்துவிடும். "சார், கசக்குது" என்று கூண்டுக்குள்ளிருந்து குரல் வரும். வேலையில் யாரும் வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை. நின்றபடி பொருந்தும் மாஸ்க், கத்திப் பேசும்போது பொருந்தாமல் போவது சாதாரணம்.

ஆய்வகத்தில் வேலை செய்த கேரளத்துப் பெண் ஒருவருக்கு மூன்று மாடல் தோற்றன. சின்ன முகம். நான்காவதாகச் சிறிய அளவில் வேறொரு மாடல் வரவழைத்த பிறகுதான் கசப்பு நின்றது. அதுவரை அவர் தன் பேரில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் தப்பில்லை, அவருக்குக் கொடுத்த அளவில்தான்.

தாடி விஷயம் தனி. ஓரம் தொடும் இடத்தில் ஒரு நாள் முள் தாடி இருந்தாலே கசிவு கூடும். மீசை பரவாயில்லை, ஓரத்துக்கு அடியில் வராதவரை. கார்த்திகை வந்தால் எனக்குக் கவலை பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் 41 நாள் சவரம் செய்ய மாட்டார்கள். விரதத்தில் இருப்பவரிடம் தாடியை எடு என்று சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். அந்த நாட்களில் அவர்களுக்குத் தலையோடு மூடி, சின்ன மோட்டாரால் வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளும் கவசம் கொடுப்போம். அது முகத்தில் ஒட்ட வேண்டிய அவசியமில்லை. அது இல்லாத நாளில் தூசி இல்லாத வேலைக்கு மாற்றுவோம்.

இனி உங்கள் மாஸ்க். காதில் மாட்டும் நாடா உள்ளதா, தலைக்குப் பின்னால் போகும் பட்டை உள்ளதா? பட்டை உள்ளதையே வாங்குங்கள். காது நாடாவால் அந்த அளவு இழுத்துப் பிடிக்க முடியாது. மேல் பட்டை உச்சந்தலைப் பக்கம், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்தில். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூடாரம் மாதிரி தூக்கிக்கொள்ளும், இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து பக்கவாட்டில் அழுத்தி வாருங்கள். பிறகு இரண்டு கையாலும் மாஸ்க்கை மூடிப் பலமாக மூச்சை வெளியே விடுங்கள். கண்ணில் காற்றுப் பட்டாலோ, கண்ணாடி போட்டிருந்து அதில் ஆவி படிந்தாலோ மேலே இடைவெளி இருக்கிறது. கழற்றி மாட்டுங்கள். மூன்று தடவை மாட்டியும் கசிந்தால் அந்த மாடல் உங்கள் முகத்துக்கு ஆகாது.

மாஸ்க்கைத் துவைக்காதீர்கள். உள்ளே இருக்கும் இழைகளில் மின்னேற்றம் ஏற்றியிருப்பார்கள், துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். சோப்பும் ஸ்பிரிட்டும் பட்டால் அது போய்விடும், பார்வைக்கு மட்டும் புதுசாக இருக்கும்.

பக்கத்தில் நிற்கும் உதவியாளர் சர்ஜிக்கல் மாஸ்க்தான் போட்டிருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். 2021இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு செயற்கை இருமலை வைத்துச் சோதித்தது. சர்ஜிக்கல் மாஸ்க் மட்டும் சுமார் 56 சதவீதத் துகளைத் தடுத்தது. அதன் மேலேயே துணி மாஸ்க்கைப் போட்டு ஓரத்தை அழுத்தியதும் 85 ஆனது. ஓரம் ஒட்டியதில் கிடைத்த லாபம்தான் அதில் பெரும் பங்கு. ஆனால் கல் தூசிக்கு அந்த ஏற்பாடு போதாது, அவருக்கும் என்-95 வேண்டும்.

பட்டறை முதலாளியிடம் ஒன்று கேளுங்கள்: அறுக்கும் இடத்தில் பிளேடின் மேல் தண்ணீர் ஓடுகிறதா? ஈரமாக அறுத்தால் தூசியில் பெரும்பகுதி பறக்கவே பறக்காது, மாஸ்க்குக்கு வேலை குறையும். உலர்வாக அறுக்கும் இடத்தில் எந்த மாஸ்க்கும் தனியாக நின்று காப்பாற்றாது.

கோடு எங்கே விழுந்திருந்தது என்று பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். மூக்கோரமா தாடையா என்று தெரிந்தால் எந்த வடிவ மாஸ்க்கைத் தேட வேண்டும் என்று சொல்கிறேன்.