கோடை மலைநடைக்கு எந்தக் குயில்ட்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோடையில் மூன்று, நான்கு நாள் டிரெக்கிங் போகிறேன். ஸ்லீப்பிங் பேக் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல் வருகிறது. டவுன் தூவி அடைத்த குயில்ட்டுக்கு மாறச் சொல்கிறார்கள். அடிப்பக்கமே இல்லாத ஒன்று எப்படிக் குளிர் தாங்கும்?

பதில்: தாங்கும். தூவி என்பது வாத்தின் மெல்லிறகு. அது தானாகச் சூடு தருவதில்லை. அதன் மெல்லிய இழைகள் காற்றை அசையவிடாமல் பிடித்துவைக்கின்றன. அந்தக் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. ஸ்லீப்பிங் பேக்கில் முதுகுக்கு அடியில் இருக்கும் தூவி உங்கள் எடையில் நசுங்கிக் கிடப்பதால் அதில் காற்றுக்கு இடமில்லை. வேலை செய்யாத அந்தப் பாகத்தையும், நீள ஜிப்பையும், தலைமூடியையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது குயில்ட். 4 டிகிரி செல்சியஸ் என்று குறித்த நல்ல தூவிக் குயில்ட், அளவைப் பொறுத்து ஏறக்குறைய 400 முதல் 500 கிராமுக்குள் வந்துவிடும்.

கழித்த இரண்டு வேலைகளை வேறு யாராவது செய்தாக வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். முதுகுக்குத் தரையில் விரிக்கும் மேட், தலைக்குக் கம்பளித் தொப்பியோ குரங்குக் குல்லாவோ. தொப்பி இல்லாமல் குயில்ட் வாங்குவது பாதி வாங்கியது போலத்தான்.

கேள்வி: 4 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்த குயில்ட்டில், 8 டிகிரி இரவிலேயே நடுங்கினேன். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வரவேண்டாம். ஸ்லீப்பிங் பேக்குகளுக்கு ஐஎஸ்ஓ 23537 என்ற பொதுச் சோதனை முறை இருக்கிறது. சூடேற்றிய மனித பொம்மையை உள்ளே படுக்கவைத்து அளப்பார்கள். அதில் ‘கம்ஃபர்ட்’ என்று ஒரு எண்ணும், ‘லிமிட்’ என்று அதைவிடக் குறைந்த எண்ணும் கிடைக்கும். இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் 5, 6 டிகிரி இருக்கும். குயில்ட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் தயாரிப்பாளரே மதிப்பிட்ட எண். அது லிமிட்டை ஒட்டியே இருப்பது வழக்கம். அதாவது, சுருண்டு படுத்தால் தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான். எனவே போகும் இடத்தில் எதிர்பார்க்கும் மிகக் குறைந்த வெப்பநிலையிலிருந்து 5 டிகிரி கழித்து, அந்த எண்ணுள்ள குயில்ட்டைப் பாருங்கள். சீக்கிரம் குளிர்கிற உடம்பு என்றால் 7, 8 டிகிரி கழியுங்கள். அடிவாரத்து வெப்பநிலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி இறங்கும். தெளிந்த வானமுள்ள இரவில் குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும் என்பதால் ஓடைக்கரைக் கூடாரம் மேடான இடத்துக் கூடாரத்தைவிடக் குளிரும்.

அடுத்த முறை குளிரெடுத்தால் எழுந்து ஜாக்கெட் தேடுவதற்கு முன், எங்கிருந்து குளிர்கிறது என்று கவனியுங்கள். மேட்டுக்கும் இடுப்புக்கும் நடுவே கையை நுழைத்துப் பாருங்கள். மேட்டின் மேற்பரப்பு ஜில்லென்றிருந்தால் குற்றவாளி மேட்தான். எத்தனை தூவி போர்த்தினாலும் அந்தக் குளிர் போகாது. புரளும்போது மட்டும் முதுகுப் பக்கம் சில்லென்று காற்று நுழைந்தால், குயில்ட்டின் அகலம் போதவில்லை அல்லது அதை மேட்டோடு இணைக்கும் பட்டைகள் சரியில்லை. அசையாமல் படுத்தும் மார்பு, தொடையின் மேல்பக்கம் ஒரே சீராகக் குளிர்ந்தால்தான் குயில்ட்டில் தூவி குறைவு, அல்லது ஈரம் ஏறியிருக்கிறது. வரும் புகார்களில் பெரும்பாலானவை முதல் இரண்டில் அடங்கிவிடும்.

மேட்டின் காப்பை ஆர்-மதிப்பால் சொல்வார்கள். 2018இல் வந்த ஏஎஸ்டிஎம் எஃப்3340 சோதனை முறைக்குப் பிறகு, அந்த முறையில் அளந்த மேட்டுகளை, எந்தக் கம்பெனியாக இருந்தாலும், ஒன்றோடொன்று ஒப்பிடலாம். 10 டிகிரிக்குக் குறையாத இரவுகளுக்கு ஆர் 2 போதும். உறைநிலையை நெருங்கினால் 3க்கு மேல் வேண்டும். இந்த எண்கள் கூட்டிக்கொள்ளத்தக்கவை: ஆர் 2 உள்ள ஃபோம் மேட்டின்மேல் ஆர் 1.5 காற்று மேட்டைப் போட்டால் 3.5.

கேள்வி: 850 ஃபில் பவரா, 950 ஃபில் பவரா? விலை வித்தியாசம் அதிகமாக இருக்கிறதே!

பதில்: கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு அவுன்ஸ் தூவி, அதாவது 28 கிராம் சொச்சம், எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்பதுதான் ஃபில் பவர். நம் அளவைக்கு மாற்றினால், 850 தூவி கிராமுக்கு ஏறத்தாழ 490 கன செ.மீ.; 950 என்றால் 550.

குயில்ட்டின் பரப்பு 2.3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 850 தூவி 200 கிராம் அடைத்தால் மொத்தம் 98,000 கன செ.மீ. பரப்பால் வகுத்தால் சராசரியாக 4.3 செ.மீ. உப்பல். இதே உப்பலை 950 தூவியில் கொண்டுவர 179 கிராம் தேவை. ஆக, அந்தக் கூடுதல் விலைக்கு முதுகிலிருந்து இறங்குவது 21 கிராம். பையில் உள்ள சோப்பைப் பாதியாக வெட்டினாலே அது கிடைத்துவிடும்.

கோடைக் குயில்ட்டில் தூவியே குறைவு என்பதால்தான் மிச்சமும் இத்தனை சிறியது. 600 கிராம் தூவி அடைக்கும் பனிக்காலப் பையில் இதே மாற்றம் மூன்று மடங்கு மிச்சம் தரும். கோடைக்கு 850 வாங்கி, மீதிப் பணத்தை மேட்டில் போடுங்கள். வாங்கும்போது ஃபில் பவரை மட்டும் பார்த்து ஏமாறாமல், எத்தனை கிராம் தூவி அடைத்திருக்கிறது என்று கேளுங்கள். அதைச் சொல்லாத தயாரிப்பாளர் எழுதியிருக்கும் டிகிரியை நம்பக் காரணமில்லை.

கேள்வி: ஒருக்களித்துப் படுப்பவள் நான், இரவில் பலமுறை புரளுவேன். எந்த அகலம் சரி?

பதில்: ஒல்லியாக, மல்லாந்தே தூங்குபவருக்கு 127 செ.மீ. சரிப்படலாம். உங்களுக்கு 140 முதல் 147 வரை வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன் வீட்டிலேயே சோதிக்கலாம். பெட்ஷீட் ஒன்றை 127 செ.மீ. அகலத்துக்கு மடித்து ஊக்குப் போடுங்கள். மலைக்குக் கொண்டுபோகும் அதே மேட்டில் படுத்துப் போர்த்தி, முழங்காலை மடக்கி இரண்டு பக்கமும் புரளுங்கள். ஓரம் மேட்டிலேயே ஒரு கையகலம் படிந்திருந்தால் போதும். முதுகு தெரிந்தால் அகலத்தைக் கூட்டுங்கள். குயில்ட்டுக்குத் தடிமன் உண்டு, உடம்பைச் சுற்றும்போது அது கொஞ்சம் அகலத்தைத் தின்றுவிடும். அதனால் பெட்ஷீட்டில் மயிரிழையில் சமாளித்தவர் அடுத்த அளவை எடுப்பது நல்லது. கூடுதல் 10 செ.மீ. அகலத்துக்குத் துணியும் தூவியும் சேர்ந்து 30 கிராம்தான் ஏறும். எடை குறைக்க எத்தனையோ இடம் இருக்கிறது, இங்கே கை வைக்காதீர்கள்.

மேட்டோடு இணைக்கும் எலாஸ்டிக் பட்டைகளில் ஒன்றை நெஞ்சுக்கு நேராகவும் இன்னொன்றை இடுப்புக்கு நேராகவும் மாட்டுங்கள். குயில்ட்டின் ஓரம் மேட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்கு இழுத்தால் போதும். இறுக்கிக் கட்டினால் முழங்காலும் தோளும் துணியை முட்டி, அந்த இடத்தில் தூவி நசுங்கிவிடும். காற்று வராது, ஆனாலும் குளிரும்.

கேள்வி: கால் பக்கம் மூடித் தைத்தது நல்லதா, சுருக்குக் கயிறு வைத்தது நல்லதா? மேல்துணி 7டியா, 20டியா?

பதில்: இரவுகள் வெதுவெதுப்பாக இருக்கும் இடம் என்றால் சுருக்குக் கயிறு. அவிழ்த்து விரித்தால் சாதாரணப் போர்வையாகிவிடும். கயிற்றை இறுக்கிய பின்னும் நடுவில் சிறு ஓட்டை இருக்கும்; ஒரு ஜோடி காலுறையை அதில் திணித்துவிடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே போகும் வாய்ப்பிருந்தால் மூடித் தைத்ததே மேல். தூவி அடைத்த அறைகளின் தையலையும் பாருங்கள். மேல்துணியும் உள்துணியும் நேராக ஒட்டித் தைக்கப்பட்ட இடத்தில் தூவியே இருக்காது. 10 டிகிரி இரவுக்கு அது பரவாயில்லை. அதற்குக் கீழே, இரண்டு துணிக்கும் நடுவே வலைத்துணிச் சுவர் வைத்துத் தைத்த பெட்டி அறைகள் தேவை.

துணிக்கு 10டி. டி என்பது டெனியர்; நூலின் 9,000 மீட்டர் நீளம் எத்தனை கிராம் என்பதே அந்த எண். 7டி மிக மென்மை, பட்டையின் கொக்கி உரசினாலே கிழியலாம். 20டி உறுதிதான், கோடைக் குயில்ட்டுக்கு அந்த எடை தேவையில்லை.

கேள்வி: மூன்றாம் நாள் குயில்ட் சப்பையாகிவிடுகிறது. துவைக்க வேண்டுமா?

பதில்: மூன்றே நாளில் சப்பையானால் அது அழுக்கு அல்ல, ஈரம். இரவு முழுதும் உடம்பிலிருந்து கிளம்பும் ஆவி தூவிக்குள் தங்குகிறது. மதிய ஓய்வில் 20, 30 நிமிடம் வெயிலில் விரித்துப் போடுங்கள், பெரும்பாலும் மீண்டுவிடும். தலையை உள்ளே இழுத்து மூச்சுவிடாதீர்கள். கால் பக்கம் கூடாரச் சுவரில் உரசினால் அங்கே சேர்ந்த பனித்துளி நேராகத் துணியில் ஏறும்; மழைக்கோட்டைப் பாதங்களின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். நீர்விலக்கும் பூச்சுப் பூசிய தூவி நனைவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. நாள் முழுக்க மழை கொட்டும் பயணத்துக்குச் செயற்கை இழைக் குயில்ட்தான் புத்திசாலித்தனம்.

வெயிலில் போட்டும் உப்பாமல், கழுத்துப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் அப்போது துவைக்கலாம். முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினில், தூவிக்கென்றே விற்கும் சோப்புத் திரவத்தைக் கொஞ்சமாக ஊற்றி, மென்சுழற்சியில் போடுங்கள். துணி மென்மையாக்கியும் பிளீச்சும் கூடவே கூடாது. இரண்டு முறை அலசுங்கள். நனைந்த குயில்ட்டை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் ஈரத் தூவியின் பாரத்தில் உள்சுவர்கள் கிழியும், இரு கையாலும் அடியோடு அள்ளுங்கள். டிரையரில் குறைந்த சூட்டில், சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டு மூன்று சேர்த்து ஓடவிடுங்கள். சில மணி நேரம் பிடிக்கும். விரலுக்குக் கட்டி தட்டுப்பட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே மடித்து வைத்தால் நாற்றமெடுக்கும்.

கேள்வி: துணியைத் துளைத்துக்கொண்டு சிறு இறகுகள் எட்டிப் பார்க்கின்றன. பிடுங்கிவிடலாமா?

பதில்: பிடுங்காதீர்கள். வெளியே இழுத்தால் ஒட்டிக்கொண்டு இன்னும் நான்கு வரும், ஓட்டையும் பெரிதாகும். மறுபக்கத் துணி வழியாக இறகின் அடித்தண்டைக் கிள்ளிப் பிடித்து உள்பக்கம் இழுங்கள். பிறகு துளை இருந்த இடத்தை விரலால் தேய்த்தால் நூல்கள் கூடிக்கொள்ளும். கிழிசலே விழுந்திருந்தால் நைலான் ஒட்டுப்பட்டையை மூலைகள் வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். கூர்மூலை சீக்கிரம் உரியும்.