தீபாவளி நேரத்தில் வாட்ஸ்அப்பில் வரும் நன்கொடை வேண்டுகோள் உண்மையா என்று எப்படி அறிவது?

பணம் அனுப்பும் முன் திரையில் தெரியும் பெயரைப் பாருங்கள். கியூஆர் அட்டையில் ‘முதியோர் இல்லம்’ என்று அச்சிட்டிருக்கும். ஸ்கேன் செய்தால் யுபிஐ செயலி வங்கிக் கணக்கில் உள்ள பெயரைக் காட்டும். அது யாரோ ஒரு தனிமனிதரின் பெயரானால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒழுங்காக நடக்கும் அறக்கட்டளை தன் பெயரிலேயே கணக்கு வைத்திருக்கும்.

80ஜி வரிச்சலுகை (நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் கழிவு) உண்டு என்று அவர்கள் சொன்னால் பதிவு எண்ணைக் கேட்டு, வருமான வரித் துறையின் இணையதளத்தில் சரிபாருங்கள். (பதிவு இருப்பதாலேயே நல்ல நிறுவனம் ஆகிவிடாது, அது வேறு கதை.) 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, ‘ரொக்கமாகத் தாருங்கள், ரசீது பிறகு’ என்பவரை நான் நம்புவதில்லை.

நோயுற்ற குழந்தையின் படம் வந்தால், மருத்துவமனையின் எண்ணை நீங்களே தேடி அழைத்து, சிகிச்சைக் கட்டணத்தை அங்கேயே நேரடியாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.