கேள்வி பதில்: கடல் ஏன் ஏறுகிறது?

கேள்வி: தம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழிவதில்லை. துருவத்துப் பனி உருகினால் மட்டும் கடல் எப்படி உயரும்?

பதில்: உங்கள் தம்ளர் கணக்கு சரிதான், ஆனால் அது மிதக்கிற பனிக்கு மட்டும். வட துருவத்தில் கடல்மேல் மிதக்கும் பனி மொத்தமும் கரைந்தாலும் மட்டம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். சிக்கல் தரைமேல் உட்கார்ந்திருக்கும் பனியில்: கிரீன்லாந்து, அண்டார்டிகா, அப்புறம் இமயம், ஆண்டிஸ், ஆல்ப்ஸ் மலைகளில் இருக்கும் பனியாறுகள். அங்கிருந்து வருவதெல்லாம் கடலுக்குப் புது வரவு. கிரீன்லாந்துப் பனி முழுக்கக் கரைந்தால் கடல் சுமார் 7 மீட்டர் ஏறும். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால் இன்றைக்கே மாடிக்கு ஓட வேண்டியதில்லை.

பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் பலரும் மறந்துவிடுகிற காரணம் ஒன்று உண்டு, அது சூடு. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து நாம் வெளியே விடும் கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது, அந்தக் கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது, சூடான தண்ணீர் விரிகிறது. 1971 முதல் 2018 வரை கடல் உயர்ந்ததில் ஏறக்குறைய பாதி, ஒரு சொட்டுத் தண்ணீர் புதிதாகச் சேராமலே இப்படி உயர்ந்ததுதான்.

கேள்வி: வருஷத்துக்கு நாலு மில்லிமீட்டர் என்கிறார்கள். இதற்கா இத்தனை கூப்பாடு?

பதில்: நாலு மில்லிமீட்டர் நாலாகவே நின்றால் கூப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். 1901 முதல் 1971 வரை சராசரி வருஷத்துக்கு 1.3 மில்லிமீட்டர், 2006 முதல் 2018 வரை 3.7. வேகம் கூடிக்கொண்டே போகிறது. 1901 முதல் 2018 வரை சேர்ந்தது மட்டும் 20 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண். அந்த ஒரு சாணும் சும்மா இருப்பதில்லை, அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தின்போதும் புயல் அடிக்கும்போதும் அலைக்கு அது ஏணி போட்டுக் கொடுக்கிறது. முன்பு கரையைத் தொட்டுத் திரும்பிய தண்ணீர் இப்போது தெருவுக்குள் வருகிறது.

தெருவுக்கு வருவதற்கு முன்பே அது கிணற்றுக்கு வந்துவிடும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. தாழ்வான பவளத் தீவுகளில் ஆறு கிடையாது. மணலில் இறங்கும் மழைத்தண்ணீர், உப்புத்தண்ணீரைவிட லேசாக இருப்பதால், அதன்மேல் ஒரு மெல்லிய அடுக்காக நிற்கும். பசிபிக் கடலில் உள்ள சின்னத் தீவு நாடான துவாலுவில் அந்த அடுக்கு தட்டுப்படும் வரை குழி வெட்டி அதற்குள் புலாகா என்ற ஒருவகைச் சேம்பைப் பயிரிடுகிறார்கள். கடல் ஒருமுறை உள்ளே புகுந்தால் குழி உப்பாகிவிடும், பயிர் அழுகிவிடும். வீடு இடியாமல் நிற்கும், ஆனால் குடிக்கவும் இல்லை, விளையவும் இல்லை என்றால் அங்கே யார் இருப்பார்கள்? ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் வரை ஆஸ்திரேலியாவில் குடியேற வழிவிடும் ஒப்பந்தம் 2023-இல் கையெழுத்தானது.

கேள்வி: கடல் எல்லாம் ஒன்றுதானே? ஓர் ஊரில் அதிகமாகவும் இன்னோர் ஊரில் குறைவாகவும் ஏறுவது எப்படி?

பதில்: தரையும் அசைகிறது, அதுதான் விஷயம். ஜகார்த்தாவில் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி நகரமே அமுங்குகிறது. கடல் ஏறுவதைவிட ஊர் இறங்குவது அங்கே பல மடங்கு வேகம். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் கதையே தலைகீழ். பனியுகத்தில் அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாளம் போய்விட்டதால் தரை இன்னும் மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது, கரையில் நின்று பார்த்தால் கடல் பின்வாங்குவது போலத் தெரியும். அதைப் படம் எடுத்துப் போட்டு 'எல்லாம் புரளி' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: இன்றே புகையை நிறுத்திவிட்டால் கடல் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. ஆழ்கடலுக்குள் சூடு இறங்குவதும், பெரிய பனிப்பாளங்கள் அதற்கு ஈடுகொடுத்துக் கரைவதும் மெதுவான வேலை, நூற்றாண்டுக் கணக்கில் நீளும். ஆனால் எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் என்பது நம் கையில்தான் இருக்கிறது: 1995 முதல் 2014 வரையிலான சராசரி நிலையோடு ஒப்பிட்டால், புகையை வேகமாகக் குறைத்தால் 2100-க்குள் அநேகமாக 28 முதல் 55 சென்டிமீட்டர், கண்டபடி எரித்துக்கொண்டே போனால் 63 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை என்பது ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021-இல் சொன்ன கணக்கு. கடற்சுவர் கட்டப்போகும் பொறியாளரைக் கேளுங்கள், அரை மீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் என்ன வித்தியாசம் என்று.