நாத்திகராக இருந்தவர் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற என்ன செய்ய வேண்டும், எவ்வளவு காலம் ஆகும்?

ஒரு வாரத்தில் முடிகிற காரியம் இல்லை, அவசரப்படுத்தவும் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபையின் முறையைச் சொல்கிறேன். மற்ற சபைகளில் இது வேறுபடும்.

முதலில் பங்குத்தந்தையை, அதாவது உங்கள் பகுதிக் கோயிலின் குருவைப் பார்த்துப் பேசுங்கள். நம்பிக்கை முழுதாக வந்த பிறகுதான் போக வேண்டும் என்பதில்லை. தொடக்கக் கட்டமே கேள்விகளுக்கானது. கடவுள் இருந்தால் குழந்தைகள் ஏன் துன்பப்படுகின்றன, இயேசுவின் உயிர்ப்பை எதை வைத்து நம்புவது என்று வாய்விட்டுக் கேளுங்கள். தயக்கத்தை மறைத்துத் தலையாட்டினால், பிற்பாடு முதல் சோதனையிலேயே நம்பிக்கை ஆட்டம் காணும்.

பிறகு உங்களைத் தயாரிப்பில் சேர்த்துக்கொள்ளும் ஏற்புச் சடங்கு, அதன்பின் மறைக்கல்வி (நம்பிக்கை பற்றிய பாடம்). இந்தக் கல்வி பல மாதங்கள், தேவைப்பட்டால் ஆண்டுக்கணக்கிலும் நீளும். வழக்கமாகத் தவக்காலத்தின் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) முதல் ஞாயிறன்று ஆயர் (பிஷப்) முன்னிலையில் பெயர்ப்பதிவு. அதே தவக்காலத்தின் 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் மனத்தூய்மைக்கான மன்றாட்டுச் சடங்குகள். பாஸ்கா திருவிழிப்பு இரவில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடு) திருமுழுக்கு, உறுதிபூசுதல் (நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்கு), நற்கருணை (திருவிருந்து) மூன்றும் ஒரே வழிபாட்டில் கிடைக்கும்.

திருமுழுக்கில் உங்களுக்குத் துணைநிற்க ஞானத்தாய் அல்லது ஞானத்தந்தை ஒருவர் போதும். பொதுவாக 16 வயது நிரம்பிய, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும். உங்கள் தாயோ தந்தையோ ஆக முடியாது.

சிக்கல் பெரும்பாலும் இரண்டு இடங்களில் வரும். குழந்தையாக இருந்தபோது திருமுழுக்குப் பெற்றிருந்தால் மறுபடி தரமாட்டார்கள். வேறு சபையில் பெற்றிருந்தால் விசுவாச அறிக்கையோடு (நம்பிக்கையை வாய்விட்டு அறிக்கையிட்டு) ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே வீட்டில் முன்பே விசாரியுங்கள். மற்றொன்று, மணமுறிவும் மறுமணமும். இதைக் கடைசி மாதத்தில் சொன்னால் முந்தைய திருமணம் பற்றிய சபையின் விசாரணை முடியும்வரை திருமுழுக்கு தள்ளிப்போகலாம். முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.