ஆடிட்டர் மாமாவுக்கு ஒரு பதில்

கோபி பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் விவசாயி, மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்க, போன வாரம் அவளோடு என்னிடம் வந்தார். பாப்பா பிளஸ் டூ, கணிதம்-உயிரியல் பிரிவு. ஈரோட்டில் ஆடிட்டராக இருக்கும் தாய்மாமா "சிஏ சேர்த்துடுங்க மாப்ள, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று முடிவே செய்துவிட்டாராம்.

பாப்பாவின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கோவை டவுன்ஹால் சுற்றுவட்டாரத்தை வரைந்திருந்தாள்: எங்கே நிழல், எங்கே உட்கார இடம், கடை அடைத்ததும் எந்தச் சந்து இருட்டு. "பேங்கும் ஆபீஸும் மட்டும் இருக்கற தெருவுக்கு லீவு நாள்லயும் ஆளுங்க வரணும் சார்" என்றாள்.

"இதுக்கெல்லாம் ஒரு படிப்பாங்க?" என்றார் அப்பா.

படிப்புத்தாங்கண்ணா, நகரத் திட்டமிடல்னு பேரு. லண்டனில் வங்கிகள் குவிந்த பழைய 'சிட்டி' பகுதிக்குத் தினமும் வேலைக்கு வருபவர்கள் பல லட்சம். அங்கேயே குடியிருப்பவர்கள் 2021 கணக்கெடுப்பில் பத்தாயிரம்கூட இல்லை. கொரோனாவில் அத்தனை பேரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க, தெரு வெறிச்சோடியது. 2022-ல் அதன் மாநகராட்சியே 'டெஸ்டினேஷன் சிட்டி' என்று ஒரு திட்டம் போட்டுச் சுற்றுலாப் பயணிகளையும் குடும்பங்களையும் இழுக்க இறங்கியது. நியூயார்க் வால் ஸ்ட்ரீட் வட்டாரத்தில் 1990-களிலேயே வரிச்சலுகை கொடுத்து, காலி அலுவலகங்களை வீடுகளாக மாற்ற வைத்தார்கள். ராத்திரி ஆள் இருந்தால்தானே டீக்கடை ஓடும்! நம் உக்கடம் பெரியகுளக்கரை நடைபாதையும் தானாக முளைத்ததில்லை.

சிஏ மட்டமான படிப்பில்லை. ஆனால் மாமாவுக்கு ஆபீஸ் இருக்கிறது என்பதற்காக, லெட்ஜரைக் கண்டாலே கொட்டாவி விடுகிற பிள்ளையை அதில் தள்ளக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இவளுக்குப் பொருந்துவது நகரத் திட்டமிடல் பட்டப்படிப்பான பி.பிளான், நான்கு வருடம். கட்டடக் கலை படிக்கிற பி.ஆர்க் வேறு, இது வேறு. பி.ஆர்க்குக்கு எழுதுகிற நாட்டா நுழைவுத் தேர்வும் தேவையில்லை. பிளஸ் டூவில் கணிதம் வேண்டும், ஜேஇஇ மெயினில் பேப்பர் 2பி எழுத வேண்டும்: கணிதம், ஆப்டிட்யூட், இவற்றோடு திட்டமிடல் பற்றித் தனியாக 25 கேள்விகள், எல்லாம் சேர்த்து மொத்தம் 400 மதிப்பெண். டெல்லி, போபால், விஜயவாடாவில் இருக்கும் மத்திய அரசின் எஸ்பிஏ (திட்டமிடல், கட்டடக் கலைக் கல்வி நிறுவனம்) கல்லூரிகளுக்கு, ஐஐடி, என்ஐடிகளுக்கும் இடம் ஒதுக்குகிற ஜோசா கலந்தாய்வு வழியே இடம். வகுப்பில் பாதி நேரம் தெருவில்தான். ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, யார் எத்தனை மணிக்கு எதற்கு வருகிறார்கள் என்று எண்ணி, போக்குவரத்து, வீட்டு வாடகை, நிலப் பயன்பாடு, சட்டம் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவர வேண்டும். நோட்டைப் பார்த்தால் இவள் பாதி ஆரம்பித்தேவிட்டாள். தனியார் கல்லூரி என்றால், இந்திய நகரத் திட்டமிடுவோர் நிறுவனத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேட்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

முதல் சம்பளம் பெரிதாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், பாப்பாவை லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாம் என்று அவள் சித்தப்பா சொல்கிறாராமே, அந்தப் பேச்சு. தோட்டத்துப் பத்திரத்தை அடமானம் வைத்து அனுப்ப வேண்டாம். இங்கே முடிக்கட்டும், இரண்டு வருடம் வேலை பார்க்கட்டும். பிறகும் ஆசை இருந்தால் உதவித்தொகைக்கு அவளே விண்ணப்பிக்கட்டும். மாமாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.